ஃபிட்டர் நஞ்சுண்டனின் மூன்று நாள் லீவு

கிணத்துக்கடவுக்குத் தெற்கே, பொள்ளாச்சி ரோட்டை ஒட்டி இருந்த தேங்காய்ப் பவுடர் மில்லில் நான் பத்து வருசத்துக்கு மேல் சூப்பர்வைசராக இருந்தேன். பெயர் பாலகோபால். சூப்பர்வைசர் என்று போர்டு போட்டிருந்தாலும் என்னுடைய முக்கியமான வேலை வேறு. மிசின் நின்றுபோனால் மில் மொபட்டை எடுத்துக்கொண்டு போய், ஃபிட்டர் நஞ்சுண்டன் எங்கே இருந்தாலும் தேடிப்பிடித்துப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வரவேண்டும்.

அவரை எங்கெங்கிருந்து கூட்டி வந்திருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. ஒருமுறை முடிதிருத்தும் கடையில் பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் மீதிப் பாதியையும் வழித்துவிடுகிறேன் என்று கெஞ்சியும் கேட்காமல் அப்படியே எழுந்து வந்தார். மைத்துனன் கல்யாணத்துக்கு உடுமலைப்பேட்டை போனவரைப் பந்தியில் இருந்து எழுப்பி வந்தேன். எல்லாவற்றையும்விட மோசம், அவருடைய ஒரே மகள் அன்புச்செல்வி வயசுக்கு வந்ததற்குச் செய்த தெரட்டி சீர். சொந்தபந்தம் கூடியிருக்க, கன்னத்தில் பூசிய சந்தனம் காயும் முன்னால் என் மொபட்டில் ஏறி வந்துவிட்டார். டிரையரைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிப் போகும்போது பந்தல்காரர்கள் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். அது 1989.

இதற்கு நஞ்சுண்டனும் ஒரு காரணம்தான். அவர் மில்லுக்குள் நுழைந்ததும் நூறு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஸ்பானரைக் கையில் எடுத்ததும் எல்லாரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். மிசின் திரும்ப ஓடும்போது பெண்கள் சிரிப்பார்கள், மேனேஜர் தோளைத் தட்டுவார். கோயமுத்தூரில் ஒரு லேத் பட்டறையில் பத்து வருசம் கரியும் எண்ணெயுமாகக் கிடந்து, அங்கே ஒருத்தர் வாயாலும் நல்ல பேர் வாங்காமல் வந்த மனிதருக்கு அது பெரிய போதையாக இருந்திருக்க வேண்டும். அவருக்கு உதவியாள் ராமுலு. வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது வருசமாகக் கேட்ட ஸ்பானரை எடுத்து நீட்டியதைத் தவிர ராமுலுவை வேறு எதையும் தொட விட்டதில்லை நஞ்சுண்டன்.

மில் வேலை சுலபமாகச் சொல்லிவிடக் கூடியதுதான். தேங்காயின் ஓட்டை நீக்கி, பழுப்புத் தோலைப் பெண்கள் கத்தியால் சீவித் தள்ளுவார்கள். வெள்ளையாக இருக்கும் பருப்பைக் கழுவி, ஆவி காட்டி, அரவை மிசினில் பூப்பூவாக அரைத்து, டிரையரில் சூடான காற்றில் உலர்த்தி, சலித்து மூட்டை கட்டுவோம். பிஸ்கட், மிட்டாய் செய்கிறவர்களுக்காக லோடு வடக்கே போகும். இதில் ஒரே ஒரு தொல்லை. தோல் சீவின பருப்பு காத்திருக்காது. நாலைந்து மணி நேரம் அப்படியே கிடந்தால் புளித்து, மஞ்சள் தட்டி, எண்ணெய்ச் செக்குக்குத்தான் போகும். டிரையர் நின்றால் சீவுகிற பெண்களை அரை நாளோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். மதியச் சோற்றைப் பிரிக்காமல் தூக்குப்போசியோடு அவர்கள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போவதை நான் வாரத்துக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொண்டிருந்தேன்.

1995 மாசி மாதம் அன்புச்செல்விக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை ஆனைமலைப் பக்கம். கல்யாணத்தை ஆவணியில் வைத்தார்கள். நிச்சயத்துக்கு மறுநாள் ஒரு சாமானுக்காக நஞ்சுண்டன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் மொபட் சத்தம் கேட்டதுமே அவர் மனைவி நாச்சியம்மாள் வெளியே வந்துவிட்டார்.

"வாங்க தம்பி. நீங்களும் இருக்கறப்பவே சொல்லிப்போடறேன், சாட்சியா இருக்கட்டும்" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "ஏனுங்க, கேட்டுக்குங்க. கல்யாணத்துக்கு மொத நாளு, கல்யாணத்தன்னிக்கு, மறுநாளு, மூணு நாளும் நீங்க ஊட்டுல இருக்கோணும். இந்தத் தம்பி வண்டி வந்து நின்னு, நீங்க மணவறையில இருந்து எந்திரிச்சுப் போனீங்கன்னா, என்ற அண்ணனை உட்டுத் தாரை வார்க்கச் சொல்லிப்போடுவேன். அப்பறம் திரும்பி வந்து என்னைய ஒண்ணும் கேக்கப்படாது."

குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நஞ்சுண்டன் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி தலையை ஆட்டினார். பிறகு என் மொபட்டில் ஏறி வந்தார். மில் கேட்டருகே இறங்கிக்கொண்டு, "பாலு தம்பி, மூணு நாளு நிக்காம ஓடுமா நம்ம மில்லு?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அன்றைக்கே பாய்லர் ரூமின் பின்சுவரில் கரித்துண்டால் எழுத ஆரம்பித்தார். எந்த மிசின், எந்த நாள், எது போச்சு. மூன்றே விஷயம். முதலில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பத்து வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இருபத்தேழு தடவை மில் நின்றிருந்தது. அதில் பத்தொன்பது தடவை மூன்றே இடத்தால் நின்றிருந்தது. டிரையருக்குக் காற்றுத் தள்ளும் ஃபேனின் பேரிங், அரவை மிசினின் பெல்ட், ஈரப்பூவை மேலே தூக்கிப்போகும் செயின்.

"நான் நூறு எடத்துல நோவுன்னு நெனச்சுட்டு ஓடிட்டிருந்தேன் தம்பி. மூணே எடந்தான்" என்றார். சந்தோசமா வெட்கமா என்று தெரியாத ஒரு முகம்.

பிறகு சுவரில் விரலை வைத்து, "இதப் பாருங்க. ஃபேன் பேரிங் போனதெல்லாம் திங்கக்கெழமை, இல்லீன்னா செவ்வாக்கெழமை. வெள்ளிக்கெழமை ஒருக்காக்கூடப் போகல. ஏன்?"

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகாமல் டிரையர் பக்கத்தில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். சனிக்கிழமை மில்லைக் கழுவும் நாள். தின்கிற சாமான் செய்கிற இடம், தேங்காய்ப்பால் ஒட்டினால் நாறிவிடும் என்பதால் ஹோஸ் பைப் வைத்து மூலைமுடுக்கெல்லாம் அடித்துக் கழுவ வேண்டும். கழுவுவது தோல் சீவும் பெண்களின் தலைவி மாதிரி இருந்த பழனியாத்தாள். நன்றாகக் கழுவுகிறவர். தரையைக் கழுவினார், டிரையரின் அடியைக் கழுவினார், அப்படியே தண்ணீரை ஃபேன் மேலும் பீய்ச்சினார். பேரிங்கின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ கரைந்து வழிந்தது.

நஞ்சுண்டன் எழுந்து போய் விரலால் தொட்டுப் பார்த்தார். கிரீஸ்.

பழனியாத்தாள் பயந்துபோய்ப் பைப்பைக் கீழே போட்டார். "ஏனுங்க, நான் ஏதாச்சும் கெடுத்துப்போட்டனுங்களா?"

"இல்லீங்கம்மா. நீங்க கழுவற வேலையக் கழுவுனீங்க. நாந்தான் ஒம்பது வருசமா சனிக்கெழமை சாயங்காலம் இங்க வந்து பாக்கல."

பேரிங்குக்குள் தண்ணீர் போய், ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஊறி, துருப்பிடித்து, திங்கட்கிழமை ஓடவிட்டதும் சத்தம் போட்டுச் செத்திருக்கிறது. மற்ற இரண்டும் அதே மாதிரி சாதாரண விஷயம்தான். அரவை மிசினுக்கு மூன்று பெல்ட். ஒன்று அறுந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவோம். பழைய இரண்டும் நீண்டு தளர்ந்திருக்க, புதுசு மட்டும் எல்லாப் பாரத்தையும் இழுத்து அதுவும் பத்து நாளில் அறுந்துவிடும். செயினுக்கோ எண்ணெயே போடுவதில்லை. ஒருமுறை கிரீஸ் வாசம் அடித்த மூட்டைகள் திரும்பி வந்து பெரிய ரகளையானதில் இருந்து, கிரீஸ் டப்பாவைக் கண்டாலே மில்லில் எல்லாருக்கும் நடுக்கம்.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நஞ்சுண்டனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் செய்ய மிசினை நிறுத்த வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், வியாழக்கிழமை காலை இரண்டு மணி நேரம். மேனேஜர் கிருபாசங்கரிடம் போனோம். ஆர்.எஸ்.புரத்தில் இருந்து தினமும் காரில் வருகிறவர், முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம். நல்ல மனிதர், ஆனால் டிரையர் சத்தம் நின்றால் அவருக்கு மூச்சு நின்ற மாதிரி.

"ஓடற மிசினை எதுக்குங்க நிறுத்தோணும்? நின்னா சரிபண்ணத்தான நீங்க இருக்கீங்க?" என்றார்.

நஞ்சுண்டன் அதுவரை மேனேஜர் ரூமில் உட்கார்ந்து பேசியதில்லை. அன்றைக்கும் நின்றுகொண்டுதான் இருந்தார். "அது நிக்கறப்ப உள்ள பருப்பு இருக்குதுங்க. நாம நிறுத்துனா பருப்பு சீவறதுக்கு முன்னாலயே நிறுத்தலாமுங்க. ஒண்ணும் வீணாப் போவாது. ஒரு மாசம் பாருங்க. சரிப்படலீன்னா நான் மறுபடியும் இந்த மொபட்டுலயே ஓடிட்டிருக்கறேன்."

கிருபாசங்கர் என்னைப் பார்த்தார். பத்து வாரத்தில் எத்தனை டன் பருப்பு செக்குக்குப் போனது என்று நான் சொன்னேன். அந்தக் கணக்கை அவர் அதுவரை மொத்தமாகக் கேட்டதில்லை போலிருக்கிறது. ஒரு மாசம் என்று ஒப்புக்கொண்டார்.

வைகாசி முதல் வியாழக்கிழமை ஆரம்பித்தோம். காலி எண்ணெய் டின்னை வெட்டி, மடக்கி, ஃபேன் பேரிங்குக்குத் தொப்பி மாதிரி ஒரு மூடி செய்தார் நஞ்சுண்டன். பேரிங்கில் இருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்றை டிரையருக்கு வெளியே இழுத்து வந்து, அங்கிருந்தே கிரீஸ் அடிக்கும்படி செய்தார். ஒரு சொட்டுக்கூடப் பூ மேல் விழ வழியில்லை. மூன்று பெல்ட்டையும் சேர்த்தே மாற்றினார். மாற்று செட் ஒன்றை மிசின் பக்கத்துச் சுவரிலேயே ஆணி அடித்து மாட்டினார். முன்பெல்லாம் அறுந்த பிறகுதான் பெல்ட் வாங்கிவரக் கோயமுத்தூர் நஞ்சப்பா ரோட்டுக்கு ஆளைத் தாட்டிவிடுவோம்.

இதெல்லாம் அவருக்குச் சிரமமே இல்லை. சிரமப்பட்டது ராமுலு விஷயத்தில்தான். மூன்றாவது வியாழக்கிழமை செயினுக்குக் கிரீஸுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் விட்டு இறுக்கும்போது, பாதியில் எழுந்து, ஸ்பானரை ராமுலுவிடம் நீட்டினார். ராமுலு வாங்காமல் பார்த்தார்.

"நானுங்களா?"

"நீதான். ஆவணியில மூணு நாளு நான் இருக்க மாட்டேன்."

ராமுலு குனிந்து வேலையைத் தொடங்கினார். நஞ்சுண்டன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கட்டிய கை அடிக்கடி அவிழ்ந்து முன்னால் வந்தது. "அப்படியில்ல" என்று நாலு தடவை வாய் வரைக்கும் வந்ததை முழுங்கியது எனக்கே தெரிந்தது. முடித்து ஓடவிட்டதும் செயின் சத்தமில்லாமல் போயிற்று. ராமுலு போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். "ஒம்பது வருசமாப் பாத்துட்டேதானுங்க இருந்தேன்" என்றார். நஞ்சுண்டன் அன்றைக்கு அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

வைகாசியில் மில் இரண்டு தடவை கொஞ்ச நேரம் நின்றது. ஆனியில் ஒரு தடவை, அதுவும் கரண்ட் போனதால். கிருபாசங்கர் ஒரு மாசம் முடிந்ததைப் பற்றிப் பேசவே இல்லை. வியாழக்கிழமை நிறுத்தம் அப்படியே தொடர்ந்தது.

ஆடியில்தான் எதிர்பாராத ஒரு தொல்லை வந்தது. மில் அமைதியாக ஓடியது. அமைதியாக ஓடும் மில்லில் ஃபிட்டர் என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரிவதில்லை. நஞ்சுண்டனுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை மிசின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். உள்ளே பேரிங் எப்படிச் சுழல்கிறது என்று அதில் தெரியும். ஒருநாள் மதியம் அப்படிப் பெட்டி மேல் உட்கார்ந்து, டிரையரில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடியிருந்தபோது கிருபாசங்கர் அந்தப் பக்கம் வந்துவிட்டார். டிரையர் இரைச்சலில் அவர் வந்தது இவருக்குத் தெரியவில்லை. அடுத்த அரைமணி நேரத்தில் மெமோ டைப் ஆகி வந்தது. வேலை நேரத்தில் தூங்கியதற்கு விளக்கம் கேட்டு.

நஞ்சுண்டன் மெமோவைப் படித்துவிட்டு நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இத்தனை நாளா ஓடி ஓடி வந்தப்ப தட்டிக் குடுத்தாங்க. இப்ப ஓடலைன்னு மெமோ குடுக்கறாங்க" என்றார் என்னிடம். பதில் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அன்றைக்கு மதியம் அவர் சாப்பிடவில்லை. ஒருவேளை பழையபடியே இருந்திருக்கலாமோ என்று அவர் யோசித்திருப்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

விஷயம் சீவுகிற ஷெட்டுக்கு எட்டியது. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் பழனியாத்தாள் தலைமையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் மேனேஜர் ரூம் வாசலில் வந்து நின்றார்கள். கிருபாசங்கர் கூலி பற்றி ஏதோ கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து வந்தார்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றார் பழனியாத்தாள். "ஃபிட்டர் தூங்குனாருன்னு காயிதம் குடுத்தீங்களாமா. அவரு தூங்கறவரு இல்லீங்க, மிசினைக் கேட்டுட்டிருந்தாரு. ஆனா நீங்க தூங்குனாருன்னே வெச்சுக்குங்க. வைகாசி பொறந்ததுல இருந்து எங்களை ஒருநாளாச்சும் அரை நாள்ல ஊட்டுக்குத் தாட்டியுட்டீங்களா? சோத்துப்போசியத் தொறக்காம எடுத்துட்டுப் போனமா? அவரு தூங்குனாத்தான் எங்களுக்கு முழு நாள் வேலைன்னா, நல்லாத் தூங்கட்டுமுங்க."

பின்னால் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். கிருபாசங்கருக்கு முகம் சிவந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். நேராக டிரையருக்குப் போய், "அந்த ஸ்குரூ டிரைவரைக் குடுங்க, நானும் கேக்கறேன்" என்றார். நஞ்சுண்டன் காட்டிக்கொடுத்த இடத்தில் வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். என்ன கேட்டதோ, மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். மூன்று நாள் லீவுக் கடிதத்தில் அன்றைக்கே கையெழுத்தும் போட்டார்.

கல்யாணம் ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை. கிணத்துக்கடவு மலைக்கோயிலுக்குக் கீழே இருக்கும் மண்டபத்தில், காலை ஏழரையில் இருந்து ஒன்பது மணிக்குள் முகூர்த்தம். மில்லுக்கு லீவு விட முடியாது. லோடு போகவேண்டி இருந்தது. ஏழு மணி ஷிஃப்டை ஓடவிட்டுவிட்டு நான் மண்டபத்துக்குப் போவதாக ஏற்பாடு.

ஏழே முக்காலுக்கு அரவை மிசினில் படார் என்று சத்தம். பெல்ட் அறுந்துவிட்டது.

பிறகு என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பழக்கதோசத்தில் நேராக வெளியே ஓடி மொபட்டை எடுத்து உதைத்தேன். வண்டி கிளம்பியேவிட்டது. ராமுலு ஓடி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"எங்க போறீங்க?"

"அண்ணனை..."

"அண்ணனை உடுங்க. பெல்ட்டு செவுத்துலதான தொங்குது? இருபது நிமிசம் குடுங்க எனக்கு."

நான் மொபட்டை ஸ்டாண்ட் போட்டுவிட்டு உள்ளே போனேன். ராமுலு மோட்டார் போல்ட்டைத் தளர்த்தினார், பழையதை எல்லாம் உருவினார், சுவரில் இருந்த மூன்றையும் எடுத்து மாட்டினார், இறுக்கினார், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். ஒருதடவைகூட அவசரப்படவில்லை. பெண்கள் கத்தியைக் கீழே வைக்காமல் சீவிக்கொண்டே இருந்தார்கள். எட்டு ஆறுக்கு மிசின் ஓடியது. ராமுலு சட்டைக்கையால் நெற்றியைத் துடைத்தபடி, "இப்பப் போங்க. எனக்கும் சேத்துச் சாப்புட்டு வாங்க" என்றார்.

மண்டபத்துக்குள் நான் நுழைந்தபோது மணி எட்டே கால். மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நஞ்சுண்டன் பட்டு வேட்டியில், கையில் செம்போடு, தாரை வார்க்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நாச்சியம்மாள். இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

அந்த இரண்டு முகத்தையும் என்னால் மறக்க முடியாது. நாச்சியம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. நஞ்சுண்டன் செம்பைக் கீழே வைக்க இடம் பார்த்தார். மணவறைக்குப் பக்கத்தில் இருந்த சொந்தக்காரர்கள் சிலர் என்னைக் கண்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேளத்துக்கும் மேலே கேட்கட்டும் என்று கத்தினேன்:

"சாப்புட வந்தேனுங்கண்ணா! சாப்புட மட்டுந்தான் வந்தேன்!"

ஒரு நிமிசம் யாருக்கும் புரியவில்லை. முதலில் சிரித்தது மணப்பெண்தான். தலை குனிந்து உட்கார்ந்திருந்த அன்புச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அப்புறம் மண்டபமே சிரித்தது. நாச்சியம்மாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சாமி, வாங்க, முன்னால வந்து உக்காருங்க" என்றார். நஞ்சுண்டன் நிதானமாகத் தாரை வார்த்தார். தண்ணீர் ஒரே சீராக விழுந்தது.

அன்று இரண்டு பந்தி சாப்பிட்டேன். ஒன்று ராமுலுவுக்காக. பெல்ட் அறுந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை அவர் வேலைக்கு வந்ததும் நேராக அரவை மிசினுக்குத்தான் போனார். பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். "பெல்ட்டு புதுசா இருக்குது" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். மொபட்டை எடுத்ததையும் மறைக்கவில்லை.

முதலில் முகம் வாடினாற்போல இருந்தது. தான் இல்லாமலே ஓடியிருக்கிறதே என்று ஒரு மனிதனுக்கு வருகிற சின்ன வலிதான் அது. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சரியாக இருந்தது. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார், தலையில் இருந்த பாரத்தை இறக்கி வைத்த மாதிரி. "இருபது நிமிசமா?" என்று மட்டும் ராமுலுவிடம் கேட்டார். "இருபத்தொண்ணுங்க" என்றார் ராமுலு. "எனக்கே அரை மணி ஆவும்" என்றார் நஞ்சுண்டன். அது பொய். ஆனால் அவர் சொல்லி நான் கேட்ட பொய்களில் அதுதான் ரொம்ப நல்லது.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் ஆள் தேடி வந்த நாட்கள் கைவிரலுக்குள் அடங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து வேலியைக் கட்டினார். மகள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கினார். நாச்சியம்மாளோடு அமாவாசைக்கு மாசாணியம்மன் கோயிலுக்குப் போய், கூட்டத்தில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு வந்து அதைக் குறையாகச் சொன்னார். அப்படிக் குறை சொல்ல அவருக்கு நேரம் கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது.

1998இல் மில்லுக்கு இரண்டாவது டிரையர் வந்தது. எங்கே வைப்பது என்று பார்க்க வந்த என்ஜினியர், இடம் மிச்சமாகட்டும் என்று சுவரோடு ஒட்டிக் கோடு போட்டார். நஞ்சுண்டன் ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து அந்தக் கோட்டை அழித்துவிட்டு, மூன்றடி தள்ளி வேறு கோடு போட்டார்.

"பின்னால ஒரு ஆளு ஒக்காந்து வேலை பாக்க எடம் வேணுமுங்க" என்றார். "சும்மா கை நொழைஞ்சாப் பத்தாது. ஒடம்பு நொழையோணும்."

என்ஜினியர் கிருபாசங்கரைப் பார்த்தார். கிருபாசங்கர், "அவரு போட்ட கோட்டுலயே வைங்க" என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.